முடிவை மாற்றலாமா?

என் மனைவிக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த நாவலைக் கையில் எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். கதாநாயகனும் கதாநாயகியும் உயிரோடு இருக்கிறார்கள், ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே முதல் பக்கத்துக்கு வருவாள். அப்படி இல்லையென்றால் புத்தகம் பேசாமல் அலமாரிக்குத் திரும்பிவிடும். நாவல் எழுதியே வயிறு வளர்க்கும் ஒருவனுக்கு வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு விமரிசகர் வாய்த்தால் என்ன செய்வது? ஆரம்பத்தில் சண்டை போட்டேன். பிறகு பழகிப் போயிற்று.

சென்ற மாதம் ஒரு நாள் பேரன் ஒரு குறுந்தகட்டைக் கொண்டுவந்து, "தாத்தா, மந்திரவாதி படம். உங்களுக்குப் பிடிக்கும்" என்றான். படத்தின் பெயர் 'மெர்லின்'.

"முடிவு சுபமா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"சுபம்தான், பாட்டி" என்றான் பேரன்.

அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். படம் மூன்று மணி நேரம். இது ஸினிமாக் கொட்டகைக்காக எடுத்த படம் அல்ல, டெலிவிஷனுக்காக எடுத்தது. 1998-ம் வருஷம் ஏப்ரல் 26, 27 தேதிகளில் அமெரிக்காவின் என்.பி.சி. நிலையம் இதை இரண்டு இரவுகளாக ஒளிபரப்பியது. நாங்களும் அந்த மரியாதையைக் காப்பாற்றி, இரண்டு ராத்திரிகளில் பார்த்து முடித்தோம்.

படத்தை இயக்கியவர் ஸ்டீவ் பேரன். மைக்கேல் ஜாக்ஸனின் 'பில்லி ஜீன்' பாட்டுக்குப் படம் பிடித்தவர் இவர்தான். நான்கு நிமிஷப் பாட்டிலிருந்து ஆயிரம் வருஷத்துக் கதைக்குத் தாவியிருக்கிறார்! மெர்லினாக ஸாம் நீல் நடிக்கிறார். டைனஸார்களைக் கண்டு ஓடிய 'ஜுராஸிக் பார்க்' படத்தில் அவரைப் பார்த்திருப்பீர்கள். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஜான் கீல்குட் ஆரம்பத்தில் ஒரு சில நிமிஷங்கள் மட்டும் கிழ அரசராக வந்து போகிறார். அந்தச் சில நிமிஷங்களும் ராஜ தர்பார்தான்.

கதை இப்படிப் போகிறது. பிரிட்டனில் கிறிஸ்தவ மதம் பரவிவிட்டது. பழைய தேவதைகளை ஜனங்கள் மறந்துகொண்டு வருகிறார்கள். அந்தப் பழைய உலகத்தின் ராணி மாப் என்பவள், தன் கட்சிக்கு ஆள் சேர்ப்பதற்காக ஒரு மாய மனிதனை உண்டாக்குகிறாள். அவன்தான் மெர்லின். தகப்பன் இல்லாத பிள்ளை. பெற்றவள் பிரசவத்திலேயே இறந்துபோகிறாள்; மாப் அவளைக் காப்பாற்ற முன்வரவில்லை. அம்ப்ரோஸியா என்ற நல்லவள் குழந்தையை வளர்க்கிறாள். பிள்ளை வளர்ந்ததும் மாப் அவனைத் தன் பாதாள மாளிகைக்கு வரவழைத்து வித்தை கற்றுக்கொடுக்கிறாள்.

அந்த வித்தையில் மூன்று படிகள் இருக்கின்றன. வாயால் மந்திரம் சொல்லி வேலை செய்பவன் முதல் படி. கையை அசைத்தே காரியத்தை முடிப்பவன் இரண்டாம் படி. நினைத்த மாத்திரத்தில் நடத்திவிடுபவன் மூன்றாம் படி. நம் மெர்லின் இரண்டாம் படியோடு படிப்பை நிறுத்திவிட்டு வெளியேறிவிடுகிறான். படம் முழுவதும் அவன் பாதிப் படிப்பு மந்திரவாதிதான். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சர்வசக்தி படைத்தவனை வைத்துக்கொண்டு யாரால் கதை எழுத முடியும்? இரண்டாவது அத்தியாயத்திலேயே கதை முடிந்துபோகுமே!

அதுவும் போதாதென்று, மாப்பை எதிர்ப்பதற்குத் தவிர வேறு எதற்கும் மந்திரத்தைத் தொடுவதில்லை என்று அவன் சபதம் வேறு செய்துகொள்கிறான். அந்தச் சபதம் தவறும்போதெல்லாம் கதை திரும்புகிறது. காப்பாற்றும்போதெல்லாம் மனம் வலிக்கிறது.

அவனுக்கு ஒரு காதலி, நிமுவே. இஸபெல்லா ராஸெலினி நடித்திருக்கிறார். அரசன் வோர்ட்டிகன் அவளை ஒரு பறவை நாகத்துக்குப் பலியாக நிறுத்துகிறான். மெர்லின் அவளை உயிரோடு மீட்கிறான். முகத்தை மீட்க முடியவில்லை. நெருப்பு அவள் முகத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. பிறகு மாப் அவளிடம் வந்து பேரம் பேசுகிறாள். 'உன் முகத்தை முன்போல் ஆக்கித் தருகிறேன். மெர்லினை மட்டும் உலகத்திலிருந்து பிரித்து, நான் காட்டும் இடத்தில் உன்னோடு வைத்துக்கொள்' என்பதுதான் பேரம். அழகான பொறி இது. கேட்பது பாவமான காரியம் அல்லவே! காதலனோடு நிம்மதியாக இருப்பதுதானே?

இந்த இடம் வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் மெர்லினுடைய பழைய முடிவு எனக்குத் தெரியும்.

தெரியும் என்று சொல்வதுகூடத் தவறு. எந்த முடிவு என்று கேட்க வேண்டும். மெர்லினுக்கு முடிவுகள் ஒன்றா, இரண்டா? வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளில் மிர்தின் என்று ஒருவன் இருக்கிறான். 573-ம் வருஷம் நடந்ததாகச் சொல்லப்படும் ஆர்வ்தெரித் யுத்தத்தில் தன் தலைவன் மடிந்ததைக் கண்டு சித்தம் கலங்கி, காட்டுக்குள் ஓடிப்போனவன். மரத்தோடும் மிருகத்தோடும் பேசிக்கொண்டு, வரப்போவதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அவனுக்கும் ஆர்தர் ராஜாவுக்கும் ஆதியில் சம்பந்தமே கிடையாது.

இன்னொரு பக்கம், ஒன்பதாம் நூற்றாண்டு லத்தீன் நூல் ஒன்றில் ஒரு சிறுவன் வருகிறான். வோர்ட்டிகன் கட்டுகிற கோட்டை மறுபடியும் மறுபடியும் இடிந்து விழுகிறது. தகப்பன் இல்லாத பிள்ளையின் ரத்தத்தை அஸ்திவாரத்தில் தெளித்தால் நிற்கும் என்று அரண்மனை மந்திரவாதிகள் யோசனை சொல்கிறார்கள். பிடித்து வரப்பட்ட பையன் சிரிக்கிறான். 'கீழே தோண்டுங்கள், குளம் இருக்கும். குளத்தில் இரண்டு நாகங்கள் இருக்கும்' என்கிறான். தோண்டினால், சிவப்பு நாகம் ஒன்றும் வெள்ளை நாகம் ஒன்றும் சண்டை போடுகின்றன! வேல்ஸ் நாட்டுக் கொடியில் இன்றும் பறப்பது அந்தச் சிவப்பு நாகம்தான் என்பார்கள். அந்தப் பையனுடைய பெயர் அம்ப்ரோஸியஸ். படத்தில் வளர்ப்புத் தாய்க்கு அம்ப்ரோஸியா என்று பெயர் வைத்தது அதன் எதிரொலி போலும்.

1136-ம் வருஷத்தை ஒட்டி, மான்மவுத் ஊர் ஜெஃப்ரி என்ற பாதிரியார் இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கி, மெர்லினஸ் என்று லத்தீனில் பெயர் சூட்டி, ஆர்தரின் தகப்பனான ஊதரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஸ்டோன்ஹெஞ்சில் நிற்கும் ராட்சசக் கற்களை அயர்லாந்திலிருந்து கொண்டுவந்தவன் மெர்லின்தான் என்றும் எழுதினார். சரித்திர ஆசிரியர்கள் அவரைப் பொய்யர் என்று திட்டாத நூற்றாண்டு இல்லை. ஆனால் அங்கே உள்ள நீலக் கற்கள் உள்ளூர்க் கற்கள் அல்ல, மேற்கே வேல்ஸிலுள்ள பிரஸெலி மலைகளிலிருந்து ஏறக்குறைய 225 கிலோமீட்டர் வந்தவை என்று பிற்காலத்தில் பூகர்ப்ப சாஸ்திரிகள் கண்டுபிடித்தார்கள். கதைக்காரனின் பொய்யில் திசை மட்டும் ஏறக்குறையச் சரியாக இருந்திருக்கிறது.

இந்த ஜெஃப்ரி பிற்பாடு எழுதிய 'மெர்லினின் வாழ்க்கை' என்ற காவியத்தில் மெர்லினுக்குச் சித்தம் தெளிகிறது. அரசைத் திரும்ப ஏற்கச் சொல்லி அழைக்கிறார்கள். அவன் மறுத்துவிட்டுத் தன் சகோதரியோடு காட்டிலேயே தங்கிவிடுகிறான். அமைதியான முடிவு. பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? காதலைக் கொண்டுவந்தார்கள். கிழட்டு மெர்லின் ஓர் இளம் பெண்ணிடம் மயங்கி, தன் வித்தையையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். அவள் அதே வித்தையால் அவனைக் காற்றால் ஆன கோபுரத்துக்குள் அடைத்துவிடுகிறாள். 1485-ல் அச்சேறிய மாலரியின் நூலில் கோபுரம் போய், பெரிய பாறைக்கு அடியில் அடைபடுகிறான். 1859-ல் டென்னிஸன் பாடியபோது அது பொந்துள்ள ஓக் மரமாயிற்று. பெண்ணின் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. 1938-ல் டி. எச். ஒயிட் எழுதியதில் மெர்லின் காலத்தில் பின்னோக்கி வாழ்கிறான். அவனுக்கு முடிவுதான் ஆரம்பம். என் மனைவி படிக்கிற மாதிரியே வாழ்ந்திருக்கிறான் பாருங்கள்!

ஆக, வித்தையெல்லாம் தெரிந்தவன் ஒரு பெண்ணின் கையால் சிறைப்பட்டுப் போகிறான் என்பது எழுநூறு எண்ணூறு வருஷத்துப் பழைய முடிவு. இந்தப் படம் அதைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறது. நிமுவே பேரத்துக்கு இணங்கி அவனை அழைத்துக்கொள்கிறாள். அவன் இல்லாத காலத்தில் மார்ட்ரெட் வளர்ந்து ஆளாகி, ஆர்தரின் ராஜ்யம் சரிகிறது. மெர்லின் பதறி வெளியே ஓடி வருகிறான். அவன் பின்னால் வாசல் மூடிக்கொள்கிறது. சிறைப்பட்டது அவன் அல்ல, அவள்!

படத்தில் வரும் மாப் ராணி பழைய மெர்லின் கதைகளில் இல்லாதவள். ரோமியோவின் நண்பன் மெர்க்யூஷியோ வாயிலாக ஷேக்ஸ்பியர் விளையாட்டாக வருணித்த தேவதை அவள். படக்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து வில்லியாக்கியிருக்கிறார்கள். மிராண்டா ரிச்சர்ட்ஸன் தொண்டை கட்டிய குரலில், ரகசியம் பேசுவதுபோல் எல்லோரையும் நடுங்க வைக்கிறார். அவரே மாப்பின் சகோதரியான ஏரி தேவதையாகவும் வருகிறார். எனக்கென்னவோ மாப்பை வெறுக்க முடியவில்லை. அவள் கேட்பது ராஜ்யம் அல்ல; தன்னை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதுதான். வயதான எழுத்தாளன் ஒருவன் இந்த வேண்டுகோளைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்துவிட முடியுமா?

கடைசியில் அவளை ஜயிப்பது கத்தியும் அல்ல, மந்திரமும் அல்ல. மெர்லினும் மற்றவர்களும் அவளை மறந்துவிடுவதாகச் சொல்லி, முதுகைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார்கள். அவள் கத்துகிறாள், மிரட்டுகிறாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படியே கரைந்துபோகிறாள். பேரன் கைதட்டினான். நான் கைதட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சுப முடிவு. வருஷங்கள் கழிந்து, மெர்லின் ஊர் ஊராகக் கதை சொல்லிப் பிழைக்கும் கிழவனாக இருக்கிறான். நிமுவே அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறாள். அவளும் கிழவி. அவனிடம் ஒரே ஒரு துளி மந்திரம் மிச்சமிருக்கிறது. அதைச் செலவழித்து இருவரையும் மறுபடி இளமையாக்கிவிடுகிறான். படம் முடிந்தது.

"பார்த்தீங்களா, எவ்வளவு நன்றாக முடித்திருக்கிறான்!" என்றாள் என் மனைவி.

"பொய்" என்றேன் நான். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். பேரன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

எனக்கு ஏன் கோபம் வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிவந்தேன். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம். அதில் கதாநாயகியின் கணவன் ஒரு நாள் வேலைக்கென்று வெளியூர் போனவன் திரும்புவதில்லை. பத்து வருஷம் அவள் தையல் மெஷினை வைத்துக்கொண்டு இரண்டு குழந்தைகளை வளர்க்கிறாள். கடைசி அத்தியாயத்தில், அவனுக்காக வாசலில் எரிய விட்டிருந்த விளக்கை அவளே அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுக்கிறாள். அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். கடைசி அத்தியாயம் அச்சுக்குப் போவதற்கு முன் ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையின் மேல் ஒரு கட்டுக் கடிதம். எல்லாவற்றிலும் ஒரே வேண்டுகோள்தான்: அவனைத் திரும்பி வரச் செய்யுங்கள். ஆசிரியர் நல்ல மனிதர். கட்டளை இடவில்லை. "தீபாவளி இதழில் முடிகிறது, பார்த்துச் செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னார். எனக்கும் அடுத்த தொடர் வேண்டியிருந்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்து அவனைத் திரும்ப அழைத்து வந்துவிட்டேன். வாசலில் நிற்கிறவனைப் பார்த்து அவள், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். அத்துடன் ஒரு வாக்கியமும் எழுதினேன்: அந்தப் பத்து வருஷமும் ஒரு கெட்ட கனவைப்போல் அவள் மனத்தைவிட்டு மறைந்தது.

அந்தத் தொடர்தான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதைப் பற்றி யாராவது புகழ்ந்தால் மட்டும் எனக்குப் பேச்சை மாற்றத் தோன்றும்.

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு சிற்றூர் நூலகத்தில் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் தயங்கித் தயங்கி வந்தார். கைப்பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன சில காகிதங்களை எடுத்தார். என் தொடரின் கடைசி அத்தியாயம். மற்ற அத்தியாயங்கள் இல்லை.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் ஐயா, போனவர் வரவில்லை" என்றார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அம்மா, நான் எழுதினது வெறும் கதை…" என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"தெரியும் ஐயா. அவர் வர மாட்டார் என்பதும் தெரியும். ஆனால் ஒருவேளை வந்துவிட்டால் என்ன பேசுவது என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. கோபமா வரும், அழுகையா வரும், என்ன கேட்பேன் என்று ராத்திரியெல்லாம் யோசிப்பேன். நீங்கள் எழுதிவிட்டீர்கள். சாப்பிட்டீங்களா என்று கேட்டால் போதும். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வந்தது."

காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு வெகு நாள் தூக்கம் வரவில்லை. கடிதக் கட்டுக்கும் தீபாவளி இதழுக்கும் பயந்து எழுதிய பொய்யை ஒருத்தி மருந்தாக வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றால், அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டுமா, வெட்கப்பட வேண்டுமா?

இப்போது அந்த நாவலைப் புதிதாக அச்சிடப் போகிறார்கள். பழைய கையெழுத்துப் பிரதி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. விளக்கை அணைக்கும் முடிவையே போட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். அந்தச் சமயத்தில்தான் மெர்லின் வந்து சேர்ந்தான்.

மறுநாள், யாருக்கும் தெரியாமல், கடைசிப் பத்து நிமிஷங்களை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். என் மனைவியின் வழக்கம் என்னையும் தொற்றிக்கொண்டுவிட்டது போலும். இரண்டாவது முறை பார்த்தபோது முதலில் கவனிக்காத ஒன்றைக் கவனித்தேன். மெர்லின் எதையும் மாற்றிவிடவில்லை. ஆர்தர் செத்தவன் செத்தவன்தான். ராஜ்யம் போனது போனதுதான். மூடிய வாசலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு பேருடைய ஆயுளும் கழிந்துவிட்டது. முதலில் அவர்கள் ஒருவரை ஒருவர் நரையும் சுருக்கமுமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், இளமை பிறகுதான். அதுவும் கடைசித் துளி மந்திரம். அதற்குப் பிறகு அவன் வெறும் மனிதன். ஆயுள் முழுவதும் தொடமாட்டேன் என்று கட்டிக் காத்ததை, கடைசியில் தனக்கும் அவளுக்குமாக ஒரே ஒரு தடவை செலவழிக்கிறான். விலை கொடுத்து வாங்கிய சுபம் அது.

நான் என் கதாநாயகிக்குக் கொடுத்த சுபத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. கணவன் திரும்பி வந்தது பொய் அல்ல. திரும்பி வருகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். "சாப்பிட்டீங்களா?" என்பதும் பொய் அல்ல. அந்தக் கேள்விக்குள் பத்து வருஷத்துக் கோபமும் பசியும் இருக்கின்றன. அதனால்தான் அந்த அம்மாள் அதைப் பத்திரப்படுத்தினார். பொய்யெல்லாம் அதற்கு அடுத்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. பத்து வருஷம் கனவைப்போல் மறையுமா? தையல் மெஷினை மிதித்து மிதித்து வீங்கிய கால் மறையுமா?

மெர்லின் கதையை ஆயிரம் வருஷமாக எத்தனையோ பேர் மாற்றியிருக்கிறார்கள். காடு, கோபுரம், பாறை, மரம், குகை என்று முடிவுகள் மாறினாலும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடவில்லை. மாப்புக்கு நேர்ந்ததுதான் கதைக்கும் உண்மையான சாவு. திரும்பிப் பார்க்க ஆள் இல்லாமல் போவது. என் கதைக்கு ஒரு சிற்றூரில் ஒருத்தி இருந்தார். அவர் கையிலிருந்து அந்தக் காகிதத்தைப் பிடுங்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

பழைய கையெழுத்துப் பிரதியை மறுபடி பெட்டியில் வைத்தேன். அச்சான புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்தேன். ஒரே ஒரு கோடு. அதைப் போடுவதற்கு எனக்கு முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று.

போன வாரம் புரூப் வந்தது. என் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல் கடைசிப் பக்கத்தை எடுத்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிதானமாகப் படித்தாள். ஓர் இடத்தில் கொஞ்சம் நின்றாள். மறுபடி படித்தாள்.

"சுபம்தான்" என்றாள்.

பிறகு முதல் பக்கத்தைத் திருப்பி, படிக்க ஆரம்பித்தாள்.